சேற்றுத் தடையோட்டம்: பிடி விடாமல் முடிக்க ஒரு வழிகாட்டி

வழியில் வரும் சேறு, சுவர், கயிறு, கம்பி எல்லாவற்றையும் தாண்டி ஓடும் சேற்றுத் தடையோட்டத்தில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் காலல்ல, கைதான். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடக்கூடியவர்கள் ஏராளம். ஆனால் நாலு சுவர் ஏறி, ஒரு மணல் மூட்டை சுமந்து, முன்கை இறுகிப்போன பிறகு, ஈரக்கையோடு கம்பிக்குக் கம்பி தாவி மறுமுனை போய்ச் சேரக்கூடியவர்கள் குறைவு. அதனால் கைப்பிடியை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்ற கணக்கோடுதான் மொத்தப் பந்தயத்தையும் அணுக வேண்டும்.

இந்த வகைப் பந்தயத்துக்கு முன்னோடி இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் அருகே பெர்ட்டனில் 1987இல் தொடங்கிய டஃப் கை. குளிர்காலத்தில், பண்ணை நிலத்தில், உறையும் தண்ணீரில் இறக்கிவிடுவது அதன் வழக்கமாக இருந்தது. 2010இல் அமெரிக்காவில் ஸ்பார்ட்டன் ரேஸ், டஃப் மடர் இரண்டும் வந்தன. டஃப் மடரில் நேரத்தைவிடக் கூட்டாக முடிப்பதுதான் முக்கியம். ஸ்பார்ட்டனில் கடிகாரம் ஓடும். தடையில் தோற்றால் தண்டனை உண்டு. 2020இல் டஃப் மடரை ஸ்பார்ட்டனே வாங்கிக்கொண்டது. இந்தியாவில் டெவில்ஸ் சர்க்யூட் நடக்கிறது. மலேசியாவில் ஸ்பார்ட்டன் பந்தயங்கள் நடந்திருப்பதால் அங்கும் சிங்கப்பூரிலும் உள்ளவர்களுக்கு அது எட்டும் தூரம். இனி வருவதெல்லாம் ஸ்பார்ட்டனை மாதிரியாக வைத்துச் சொல்வது. மற்றப் போட்டிகளில் தடையின் பெயர் மாறும், உத்தி மாறாது.

ஸ்பார்ட்டனில் மூன்று முக்கிய அளவு: ஸ்பிரின்ட் 5 கி.மீ., 20 தடை; சூப்பர் 10 கி.மீ., 25 தடை. பீஸ்ட் 21 கி.மீ., 30 தடை. முதல் தடவை என்றால் ஸ்பிரின்ட் போதும். பிரிவில் 'ஓப்பன்' எடுங்கள். அதில் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கலாம். எலீட் பிரிவில் அந்த உதவிக்கு இடமில்லை. தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். சாலையில் 5 கி.மீட்டரை 30 நிமிடத்தில் ஓடுபவர் இங்கே ஒன்றேகால் மணி நேரம் எடுப்பது சாதாரணம். பாதையில் மேடு பள்ளம், தடைக்கு முன்னால் வரிசை, தோற்றால் தண்டனையாகச் செய்யும் பர்ப்பி (குனிந்து தரையில் படுத்து, எழுந்து குதிக்கும் உடற்பயிற்சி) எல்லாம் அதில் சேரும்.

பர்ப்பியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பார்ட்டனில் நெடுநாள் வழக்கமாக இருந்த தண்டனை ஒரு தடைக்கு 30 பர்ப்பி. நெஞ்சு தரையில் பட வேண்டும், எழுந்து குதிக்கும்போது கால் தரையை விட்டு எழும்ப வேண்டும். சில தடைகளுக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் தூரம் ஓடவிடுவார்கள். முப்பது பர்ப்பிக்குப் பிறகு தோளும் மணிக்கட்டும் வெலவெலத்துப் போகும். உடனே அடுத்த கம்பித் தடை வந்தால் அதிலும் தோல்விதான். ஒரு தோல்வி இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது இப்படித்தான். பர்ப்பி செய்து முடித்ததும் ஒரு நிமிடம் கைகளைத் தொங்கவிட்டு உதறி நடந்துவிட்டு அடுத்த தடைக்குப் போவது நேர விரயம் ஆகாது.

பயிற்சி: எட்டு வாரம்

நிற்காமல் 3 கி.மீ. ஓட முடிகிறவருக்கு எட்டு வாரம் போதும். முடியாதவர் பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம். ஒரு நாள் மெதுவாக, நீளமாக. ஏழாம் வார முடிவுக்குள் 8 கி.மீ. வரை. ஒரு நாள் ஏற்றம்: மேம்பாலமோ மாடிப்படியோ குன்றோ எதுவானாலும் சரி, ஒரு நிமிடம் ஏறி, நடந்து இறங்கி, எட்டு முறை. மூன்றாவது நாள்தான் பந்தயத்துக்கு மிக நெருக்கமானது: 400 மீட்டர் ஓட்டம், மூச்சு வாங்கும்போதே 10 பர்ப்பி, உடனே கம்பியில் 20 விநாடி தொங்கல். இதை ஐந்து சுற்று. வெறுமனே தொங்குவதற்கும் இதயம் படபடக்கத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே புரிந்துவிடும்.

கைக்கு வாரம் இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள். பூங்காவில், பள்ளி மைதானத்தில் இருக்கும் சாதாரணக் கம்பி போதும். தோளைக் காதுவரை தூக்கவிடாமல், சற்று கீழே இழுத்துப் பிடித்தபடி தொங்குங்கள். மூன்று முறை, ஒவ்வொன்றும் விழும்வரை. இலக்கு ஒரே தொங்கலில் 60 விநாடி. அது வந்த பிறகு கம்பியில் ஒரு பழைய துண்டைப் போட்டு இரு முனையையும் பிடித்துத் தொங்குங்கள். இதில் 20 விநாடி தாக்குப்பிடித்தால் ஈரக் கயிறு பெரிய விஷயமாக இருக்காது. கடைசி மூன்று வாரம் துண்டையும் கையையும் நனைத்துக்கொண்டு செய்யுங்கள். உலர்ந்த கையோடு மட்டும் பழகியவருக்குப் பந்தயத்தில் புதிதாக இருப்பது எடையல்ல, வழுக்கல்.

சுமப்பதற்கு 25 கிலோ அரிசி மூட்டை அருமையான கருவி. அரிசி நிரம்பிய மூட்டை சரிந்து சரிந்து விழும், பிடிக்க வசதியாகக் கைப்பிடி எதுவும் கிடையாது. பந்தயத்து மணல் மூட்டையும் அப்படித்தான். உடல் எடை குறைந்தவர்கள் 10 கிலோவில் தொடங்கலாம். நெஞ்சோடு அணைத்து 200 மீட்டர், தோளில் போட்டு 200 மீட்டர். கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். உள்ளங்கையில் காய்ப்புத் தடித்துப் புடைத்திருந்தால் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லையென்றால் கம்பியில் அது தோலோடு கிழிந்து வரும்.

உடையும் ஷூவும்

பருத்தி வேண்டாம். நனைந்த பருத்திச் சட்டை தண்ணீரையும் சேற்றையும் குடித்துக் கனத்துப்போய், முள்கம்பியில் மாட்டி, அக்குளையும் தொடையையும் உரசிப் புண்ணாக்கும். உடலோடு ஒட்டிய பாலியெஸ்டர் அல்லது நைலான் உடை போதும். முழங்கால்வரை வரும் சாக்ஸ் ஒன்று போட்டால் கயிறு ஏறும்போது காலில் தோல் உரியாது. தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாஸலின் தடவுங்கள். தடவி முடித்ததும் கையை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள்; அந்த எண்ணெய்ப்பசை கையில் இருந்தால் கம்பியில் நிற்க முடியாது.

ஷூவில்தான் காசு செலவழிக்க வேண்டும். அடிப்பாகத்தில் 5 முதல் 6 மி.மீ. ஆழமுள்ள, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பற்கள் கொண்ட டிரெயில் ஷூ. பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் களிமண் அடைத்துக்கொண்டு அடி வழவழப்பாகிவிடும். 'நீர் புகாத' ஷூவை வாங்காதீர்கள். முழங்கால் ஆழக் குட்டையில் தண்ணீர் மேலிருந்துதான் உள்ளே போகும், பிறகு வெளியே வர வழியிருக்காது. மெல்லிய வலைத்துணி மேற்பாகம் பத்து அடி ஓடினாலே தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். புது ஷூவோடு போகாதீர்கள். குறைந்தது 30 கி.மீ. ஓடிப் பழகியிருக்க வேண்டும், அதில் ஒருமுறையாவது நனைத்து ஓடியிருக்க வேண்டும். கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு மிச்ச நுனியை உள்ளே செருகுங்கள்.

கையுறை வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சேறு பட்ட துணியைக் காயவைக்க முடியாது, வெறும் கையைத் துடைத்துவிடலாம். மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சுவரிலிருந்து குதிக்கும்போது மோதிரம் மாட்டினால் விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும்.

சேற்றில் நடப்பது

நாற்று நட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் செய்யும் தவறு, புதைந்த காலை நேராக மேலே உருவப் பார்ப்பது. காலுக்கு அடியில் காற்று போகாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். இழுக்க இழுக்க ஷூ கழன்று உள்ளேயே நின்றுவிடும். முதலில் குதிகாலைப் பக்கவாட்டில் திருகி அசைத்து, ஓரமாகக் காற்றும் நீரும் இறங்க இடம் கொடுத்து, கால்விரல்களை மேல்நோக்கி மடக்கி ஷூவுக்குள் கொக்கி போட்டபடி குதிகாலை முதலில் எடுங்கள். அடி சின்னதாக இருக்கட்டும், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். தொடைவரை இறங்கினால் நிமிர்ந்து நிற்காமல் முன்னால் சாய்ந்து கையையும் முழங்காலையும் பரப்பித் தவழுங்கள். எடை பரவினால் புதைவது குறையும். பலர் நடுவில் போவதால் நடுச்சேறு கூழாகியிருக்கும். ஓரத்தில் புல்வேர் பிடித்திருக்கும் தரையைப் பாருங்கள்.

முள்கம்பிக்கு அடியில் இரண்டு வழி. கம்பி சற்று உயரமாக இருந்தால் முழங்கை, முழங்காலில் தவழ்வது. தாழ்வாக இருந்தால் உடலை நீட்டிப் பக்கவாட்டில் உருண்டு போவது. உருள்வது வேகம், முழங்காலுக்கும் நல்லது, ஆனால் பத்துச் சுற்றில் தலை கிறுகிறுக்கும். ஆறேழு உருளலுக்கு ஒருமுறை நின்று முன்னால் எதையாவது உற்றுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கம்பி எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்காது. கட்டைகளுக்கு நடுவே தொய்ந்திருக்கும், கட்டைக்குப் பக்கத்தில் அரையடியாவது உயரம் கிடைக்கும்.

சுவர், வலை, சுமை

நாலடிச் சுவரில் கைவைத்துத் தாண்டிவிடலாம். ஆறடிக்கு மேல் உத்தி தேவை. நாலைந்து எட்டு ஓடிவந்து, ஒரு பாதத்தைச் சுவரில் இடுப்பு உயரத்தில் வைத்து, அதைத் தள்ளி மேல்நோக்கி எழும்ப வேண்டும். முன்னோக்கிப் பாய்ந்தால் நெஞ்சுதான் மோதும். விளிம்பு கையில் கிடைத்ததும் கையால் மட்டும் இழுக்காமல் ஒரு குதிகாலை மேலே மாட்டுங்கள். பிறகு வேலை தொடைக்குப் போய்விடும். இறங்கும்போது மேலிருந்து குதிக்காதீர்கள். விளிம்பைப் பிடித்து முழுநீளம் தொங்கிவிட்டுக் கையை விட்டால் எட்டடிச் சுவரிலும் காலுக்கும் தரைக்கும் இடைவெளி சொற்பம்தான். கணுக்கால் பிசகுவதற்குச் சுவர் இறக்கம் ஒரு முக்கியக் காரணம்.

கயிற்று வலையில் நடுவே ஏறாதீர்கள், ஆடும். கம்பத்தை ஒட்டி வலை இறுக்கமாக இருக்கும். கையால் செங்குத்துக் கயிற்றைப் பிடியுங்கள், காலைக் கிடைக் கயிற்றில் வையுங்கள். அப்போது மேலே போகிறவர் உங்கள் விரலை மிதிக்க மாட்டார்.

வாளிச் சுமையில் பெரும்பாலோர் செய்யும் பிழை வாளியைக் கையாலேயே தூக்கிப் பிடிப்பது. இரண்டு கையையும் வாளிக்கு அடியில் கொண்டுபோய், ஒரு கையால் மற்றொரு மணிக்கட்டைப் பிடித்துப் பூட்டுங்கள். வாளி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், முதுகு லேசாகப் பின்னால் சாய வேண்டும், அடி சின்னதாக இருக்க வேண்டும். களைத்தால் கை வழுக்கும்வரை இழுத்தடிக்காமல் முன்கூட்டியே இறக்கி, 15 விநாடி உதறிவிட்டு எடுங்கள். மணல் மூட்டையைக் கழுத்துக்குப் பின்னால் இரு தோளிலும் கிடத்திவிட்டால் கை சும்மா இருக்கும். கம்பித் தடைக்குத் தேவையான பிடியைச் சேமிக்கும் இடம் இதுதான். ஹெர்குலிஸ் ஹாய்ஸ்ட் என்னும் கப்பித் தடையிலும் இதே கதை: கயிற்றை உயரத்தில் பிடித்து, கையை மடக்காமல், தரையில் உட்காரப்போவதாக உடம்பைக் கீழே போடுங்கள். மூட்டை உங்கள் எடையால் ஏறட்டும், புஜத்தால் வேண்டாம். இறக்கும்போது கயிற்றை உருவவிட்டால் உள்ளங்கைத் தோல் போய்விடும்.

கயிறும் கம்பியும்

கயிறு ஏறுவது கைவேலை என்று நினைப்பவர்தான் பாதியில் விழுகிறார். ஏறுவது காலால். கயிறு வலது காலின் வெளிப்பக்கமாக இறங்கட்டும். இடது பாதத்தால் அதை வலது பாதத்துக்கு அடியிலிருந்து அள்ளி, வலது பாதத்தின் மேல் போட்டு, இடது பாதத்தால் மிதித்துப் பூட்டுங்கள். பூட்டு சரியாக விழுந்தால் கையைத் தளர்த்தினாலும் நிற்கலாம். பிறகு எழுந்து நிற்பது, கையை மேலே மாற்றுவது, முழங்காலை நெஞ்சுவரை இழுத்து மறுபடி பூட்டுவது. ஒவ்வொரு தடவையும் முழங்கால் நன்றாக உயர்ந்தால் ஐந்தாறு பூட்டில் உச்சியில் அடிக்க வேண்டிய மணி எட்டிவிடும். கயிற்றைத் தொடுமுன் ஷூ அடியைப் புல்லில் தேய்த்துச் சேற்றை எடுங்கள், இல்லையென்றால் பூட்டு பிடிக்காது. இறங்கும்போதும் பூட்டிப் பூட்டித்தான் இறங்க வேண்டும்.

கம்பிக்குக் கம்பி தொங்கித் தாவும் மங்கி பாருக்கு முன் எல்லோரும் கையைச் சட்டையில் துடைப்பார்கள், சட்டையே சேறு. சேறு படாமல் தப்பிய இடம் உடம்பில் ஏதாவது இருக்கும்: சாக்ஸின் உட்புறம், கால்சட்டையின் இடுப்புப்பட்டி உள்பக்கம், கழுத்துக்குப் பின்னால். அதில் துடையுங்கள். எதுவுமில்லை என்றால் உலர்ந்த புழுதி மண்ணை எடுத்து இரு உள்ளங்கையிலும் தேய்த்துத் தட்டிவிடுங்கள், ஈரம் உறிஞ்சப்படும். வரிசைகளில் யாரும் அதிகம் போகாத வரிசையைத் தேர்ந்தெடுங்கள், கம்பி உலர்ந்திருக்கும். தொங்கிய பிறகு நின்று யோசிக்காதீர்கள். இடுப்பை ஆட்டி, ஊசல் முன்னே வரும் உச்சியில் கையை மாற்றுங்கள். ஒரு கம்பியில் இரு கையும் சேர்த்து நின்று நின்று போனால் ஒவ்வொரு தடவையும் ஊசல் செத்துப்போகும், அதை மறுபடி உண்டாக்கும் செலவு பிடியிலிருந்துதான் போகும்.

ஈட்டி எறிதல் ஒரே வாய்ப்பு. இலக்கு ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளி, வைக்கோல் கட்டு. ஈட்டியோடு ஒரு கயிறு கட்டியிருக்கும். எறியுமுன் அது காலுக்கடியிலோ வேலியிலோ சிக்காமல் முன்னால் தளர்வாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். நன்றாக எறிந்த ஈட்டிகூடக் கயிறு இழுத்துத் தடம் மாறும். ஒரு விரலில் வைத்துப் பார்த்துச் சமநிலை வரும் இடத்தில் பிடியுங்கள், மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள், காதுக்குப் பக்கத்திலிருந்து நேராக விடுங்கள். வீட்டில் மூங்கில் கம்போடு தினம் இருபது எறி போதும்.

தண்ணீர்

தண்ணீருக்குள் மூழ்கி அடியில் நுழைந்து போக வேண்டிய சுவரில் ஒரு கையைச் சுவரில் வைத்தபடியே குனிந்து, அடிவிளிம்பை இன்னொரு கையால் தேடிப் பிடித்து, மூச்சடக்கிக் கண்ணையும் வாயையும் மூடி ஒரே இழுப்பில் மறுபக்கம் வாருங்கள். ஆழத்தில் குதிக்கும் தடைகளில் விளையாட்டு வேண்டாம். 2013இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் டஃப் மடரின் ஒரு குதிப்புத் தடையில் ஒருவர் மூழ்கி இறந்தார். நீச்சல் தெரியாதவர் அந்தத் தடையைத் தவிர்த்துத் தண்டனையை ஏற்பதில் எந்த வெட்கமும் இல்லை. தெரிந்தவரும் கீழே இருப்பவர் விலகினாரா என்று பார்த்துவிட்டுக் குதிக்க வேண்டும்.

சேற்றை விழுங்காதீர்கள் என்பது அழகுக்காகச் சொல்லும் அறிவுரை அல்ல. 2012இல் நெவாடாவில் கால்நடைப் பண்ணையில் நடந்த பந்தயத்தில் சேற்று நீரை விழுங்கியவர்களுக்கு கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்தது. 2000இல் போர்னியோவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்தில் ஆற்றில் நீந்தியவர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. ஆகவே சாப்பாட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். ஸ்பிரின்டுக்கு வழியில் தின்ன எதுவும் தேவையில்லை. தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு நாலு இட்லியும் அரை லிட்டர் தண்ணீரும் போதும். சூப்பருக்கு மேல் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓடும்போது மாவுச்சத்துக்காக உறிஞ்சும் ஜெல் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பவர் சேற்றையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறார். முன்னாலேயே ஓரத்தில் சிறிது கத்தரித்து டேப் ஒட்டி, சின்ன ஜிப் பையில் போட்டு எடுத்துப்போங்கள். தண்ணீர் தரும் இடத்தில் முதல் குவளையால் கையையும் வாயையும் கழுவிவிட்டு இரண்டாவதைக் குடியுங்கள்.

அன்றைக்கு

ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். அடையாள அட்டை காட்டி, பொறுப்புத் துறப்புப் படிவம் கொடுத்து, நேரம் அளக்கும் சிப்பை வாங்க வேண்டும். சிப் பட்டை கையில் தளர்வாக இருந்தால் முதல் குட்டையிலேயே போய்விடும். பத்து நிமிடம் மெல்ல ஓடி, தோளையும் இடுப்பையும் சுழற்றிவிட்டு, கம்பியில் இரண்டு முறை சிறிது தொங்குங்கள். தொடக்க ஒலி கேட்டதும் கூட்டத்தோடு பாய்வது வழக்கமான முட்டாள்தனம். முதல் கிலோமீட்டரில் பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். தடைக்கு 50 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, மூச்சு பிடித்து, கை துடைத்துக்கொண்டு போங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் போட்டி வருமுன் போட்டுவிடுங்கள். அழுக்கேறிய காயம் பட்டால் ஐந்து ஆண்டு கணக்கு என்பதால் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பில் ஆறாத வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இறங்காமலிருப்பது நல்லது. 2023 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சொனோமாவில் சேற்றில் ஓடிய பலருக்கு மறுநாளிலிருந்து சீழ்க்கொப்புளமும் காய்ச்சலும் வந்தன. முடித்ததும் குழாய்நீரும் சோப்பும் போட்டுக் குளியுங்கள். கீறல்களில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து வெளியேற்றாமல் மருந்து மட்டும் தடவக் கூடாது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காட்டும், ஒரு மாதம் வரையும் ஆகலாம். அதற்குள் காய்ச்சல், கடும் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் சேற்றுத் தண்ணீரில் இறங்கியதை நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

ஷூவை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். உள்பட்டையை உருவி, குழாயடியில் பழைய பிரஷால் தேய்த்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் பசை இளகி அடிப்பாகம் பெயர்ந்து வரும்.